அச்சில் இருக்கும் ஆய்வு

பொது சுகாதார ஆய்வாளர் ஒருவரிடம், நீங்கள் எத்தனை பேருக்கு நோய் வராமல் தடுத்தீர்கள் என்று கேட்பது நாகரிகமாகாது. உங்களை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்பதுதான் முறை. முதல் கேள்விக்கு விடை கிடையாது. வராத நோயை யார் உட்கார்ந்து எண்ணுவது? இரண்டாவது கேள்விக்கு விடை உண்டு. அது தசமப் புள்ளியோடு கிடைக்கும்.

நமது ஆய்வாளரம்மாவைப் பொறுத்தவரை அந்த விடைக்குத் தசமப் புள்ளி தேவைப்படவில்லை. மூன்று. இருபத்தொரு வருட உழைப்புக்கு மூன்று மேற்கோள். அதில் ஒன்று அவரே தம்மைக் காட்டிக்கொண்டது. இன்னொன்று, இப்படியெல்லாமா ஆராய்ச்சி செய்வது என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதியது. மூன்றாவது ஆள், தேரைகளைப் பற்றி எழுதிய வேறு யாரோ என்று நினைத்து இவரைக் குறிப்பிட்டுவிட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயமும் அப்படி. பக்கத்து அறைகளில் மரபணு என்றார்கள், செயற்கை நுண்ணறிவு என்றார்கள். அந்த வருடம் எல்லாத் தலைப்பிலும் 'மீள்திறன்' என்ற சொல் வந்தாக வேண்டும் என்றொரு மோஸ்தர். கொசுவுக்குக்கூட மீள்திறன் வந்துவிட்டிருந்தது. மூன்றாம் மாடியில், மாடிப்படிக்கும் நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருந்த சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு நம்மவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சுகாதார நிலையத்துக் கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும்.

அவர் இதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு நிலையத்தின் காத்திருப்போர் பெஞ்சில் நாற்பது நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார். கர்ப்பிணிகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். ஏன் என்று கேட்டால், வரிசை மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் போக வேண்டி வந்தால் அந்தக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார முடியாது என்கிறார்கள். தண்ணீர் குடிக்காததால் சிறுநீர்த் தொற்று. தொற்று வந்ததால் மறுபடி அதே வரிசை. இருநூற்றுப் பன்னிரண்டு நிலையங்களுக்குத் தபாலில் படிவம் அனுப்பிக் கேட்டதில் நூற்று அறுபத்து மூன்றில் தாழ்ப்பாள் இல்லை என்று பதில் வந்தது. நூற்று அறுபத்து மூன்று தாழ்ப்பாள் போடுங்கள் என்று துறைக்கு எழுதினார். சக ஊழியர்கள் அவருக்குத் 'தாழ்ப்பாளம்மா' என்று பெயர் வைத்ததைத் தவிர வேறு பலன் ஏற்படவில்லை.

கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை காரணமும் சேர்ந்து வந்தது. 'தாழ்ப்பாளின் அவசியம் குறித்துத் துறைக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும், விதி எட்டு (இ)-யின்படி, தாக்கப் புள்ளி (அதாவது, மேற்கோள் எண்ணிக்கை) இருபதுக்குக் குறைந்த ஆய்வாளரின் பரிந்துரையைப் பரிசீலிக்க இயலாது. தாழ்ப்பாள் தேவையே, அதைச் சொல்லும் தகுதி தங்களுக்கு இன்னும் ஏற்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அவருடைய கணவர் வக்கீல். கடிதத்தை இரண்டு முறை படித்தார். நல்ல கடிதம் என்று மெச்சினார்.

"இருபது புள்ளி வச்சிருக்கிற யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லேன்."

"கேட்டுப் பாத்தேங்க. தாழ்ப்பாள்னு எழுத அவங்களுக்குக் கூச்சமா இருக்காம். 'நுழைவுக் கட்டுப்பாட்டு இடையீடு'ன்னு பேரை மாத்தினா யோசிக்கிறாங்களாம்."

"மாத்திட்டாப் போச்சு."

"மாத்தினா, கதவுக்குக் காவலாளி போட்டுடுவாங்க."

நிலைமை இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். ஆய்வாளர் உள்ளே நுழைந்ததும் இயக்குநர் எழுந்து நின்றார். தீயணைப்புப் பயிற்சியின்போது தவிர அவர் யாருக்காகவும் எழுந்ததில்லை. ஆகவே ஆய்வாளர் திரும்பி, வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்.

"உக்காருங்க மேடம், உக்காருங்க. இவ்வளவு பெரிய மனுஷியை மாடிப்படி பக்கத்துல உக்கார வச்சிருக்கோமே! எனக்கு யாருமே சொல்லலியே!"

இயக்குநருக்குப் பக்கத்தில் தாக்க மதிப்பீட்டு அலுவலர் மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல ஏந்தி நின்றிருந்தார். யார் எதை எழுதினார்கள் என்பது அவருக்குத் தெரியாது, அவர் எண்ணுபவர். அந்த நிறுவனத்தில் எழுதுபவர்கள் அறுபது பேர், எண்ணுபவர்கள் எழுபது பேர்.

"புது மென்பொருள் வந்திருக்கு மேடம்," என்றார் அலுவலர். "பழசு, அச்சாகி வெளிய வந்ததை மட்டும்தான் எண்ணும். கொஞ்சம் கஞ்சத்தனம். புதுசு தாராள மனசு. அச்சுல இருக்கிறதையும் சேத்து எண்ணுது. உங்க புள்ளி ஆயிரத்து நானூத்துப் பதினஞ்சு."

"மூணு இல்லையா?"

"மூணும் இருக்கு. மிச்சம் ஆயிரத்து நானூத்துப் பன்னெண்டு உங்களோட இன்னொரு கட்டுரைக்கு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். 'நீர் அருந்தாமை: ஒரு விரிவான ஆய்வு. அச்சில்.'

ஆய்வாளருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் காது சூடாகிவிட்டது.

ஆய்வுலகில் ஒரு வழக்கம் உண்டு. சின்னக் கட்டுரை எழுதுபவர், முழு விவரமும் என் அடுத்த கட்டுரையில் என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டுவைப்பார். அடுத்த கட்டுரை எழுதப்படாமல் இருக்கலாம். எழுதப்போகிறோம் என்ற நல்லெண்ணம் இருந்தால் 'அச்சில்' என்று போட்டுக்கொள்ளலாம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நம்மவரும் தம் தாழ்ப்பாள் கட்டுரையின் அடியில், பதினான்காவது குறிப்பாக, இந்தத் தலைப்பைப் போட்டுவைத்தார். பிறகு மகளுக்குச் சின்னம்மை வந்தது. வீடு மாற்றினார்கள். திட்டத்தை மூடிவிட்டார்கள். விரிவான ஆய்வு விரியவேயில்லை.

ஆனால் குறிப்பு சும்மா இருக்கவில்லை. தண்ணீரைப் பற்றித் தடிமனான தொகுப்பொன்றை எழுதிய பெரிய மனிதர் ஒருவர், சின்னக் கட்டுரையைக் காட்டுவது தமக்குக் கௌரவக் குறைவு என்று கருதி, அதன் அடியிலிருந்த விரிவான ஆய்வைக் காட்டினார். பெரிய மனிதரே காட்டியதால் நூறு பேர் காட்டினார்கள். நூறு பேர் காட்டிய பிறகு அதைக் காட்டாதவரை, அடிப்படை நூலைக்கூட அறியாதவர் என்று இதழ்கள் திருப்பியனுப்பின. தூக்கத்தைப் பற்றி எழுதியவர் காட்டினார். சாலைப் புழுதியைப் பற்றி எழுதியவர் காட்டினார். மாறுபட்டவர்களும் உண்டு. 'இந்த விரிவான ஆய்வின் முடிவுகள் முக்கியமானவை எனினும், எடுத்துக்கொண்ட மாதிரியின் அளவு சிறியது' என்று ஒருவர் கண்டித்திருந்தார். தர்க்க சாத்திரக்காரர்கள் இல்லாத பொருளுக்கு உதாரணமாக முயற்கொம்பையும் ஆகாயத் தாமரையையும் சொல்வார்கள். முயற்கொம்பு சற்றுக் குட்டை என்று குறை சொன்னவரை அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சார், இப்படி ஒரு கட்டுரையே இல்ல," என்றார் ஆய்வாளர்.

"தன்னடக்கம்!" என்றார் இயக்குநர்.

"தன்னடக்கம் இல்ல சார். நான் எழுதவே இல்ல. எழுதணும்னு நெனச்சேன், அவ்வளவுதான்."

இயக்குநர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கலங்கவில்லை.

"மேடம், எத்தனை பேர் சுட்டிக் காட்டினாங்கன்னு எண்ணுறது எங்க பிரிவோட வேலை. சுட்டிக் காட்டின இடத்துல ஏதாவது இருக்கான்னு பாக்கிறது நூலகத்தோட வேலை."

"சரி, நூலகத்தைக் கேளுங்க."

உடனே தொலைபேசியில் கேட்டார்கள். இதுவரை யாரும் அந்தக் கட்டுரையைக் கேட்டு வந்ததில்லை, ஆகவே அது இல்லை என்று சொல்ல எங்களுக்கு ஆதாரம் இல்லை என்றது நூலகம்.

"பாத்தீங்களா!" என்றார் அலுவலர்.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், தரவரிசையில நாப்பத்தொண்ணுல இருந்த நாம ஆறுக்கு வந்திருக்கோம். இல்லைன்னு நீங்க சொல்றது ஒரு கருத்து. உங்க கருத்தை நான் மதிக்கிறேன். ஆயிரத்து நானூத்துப் பன்னெண்டுங்கிறது தரவு. ஒரு விஞ்ஞானி, தரவை விட்டுட்டு சொந்தக் கருத்தைப் பிடிச்சுத் தொங்கலாமா?"

இயக்குநர் நீட்டிய பூங்கொத்தை ஆய்வாளர் வாங்கிக்கொண்டார். பூங்கொத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

வக்கீல் வயிறு வலிக்கச் சிரித்தார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. உன் சுரைக்காய் ஏட்டுலயே இல்ல, ஊரே சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டிருக்கு!"

"சிரிக்காதீங்க. எனக்குத் தூக்கமே வராது போலிருக்கு."

"எதுக்கு? கோர்ட்டுல எனக்கு இப்படி ஒரு சாட்சி கிடைச்சா கும்பிடுவேன். இல்லாத சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது பாரு."

"பேசாம எழுதிடப் போறேன்."

"எதை?"

"அந்த விரிவான ஆய்வைத்தான். இல்லாததாலதானே தப்பு? இருந்துட்டா சரியாயிடும்ல?"

வக்கீல் இதை யோசித்துப் பார்த்தார். குற்றத்தைச் செய்துவிட்டு வருந்துபவர்களை அவருக்குத் தெரியும். ஒன்பது வருடம் கழித்துப் பொய்யை நிஜமாக்கப் பார்ப்பவரை அன்றுதான் பார்த்தார்.

ஆய்வாளர் பதினேழு நாள் எழுதினார். பழைய குறிப்பேடுகளை எல்லாம் எடுத்து, நாற்பது நாள் பெஞ்சில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சேர்த்து, அதே தலைப்பில், அருமையான கட்டுரையாக எழுதி, துறையின் தலைசிறந்த இதழுக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் மதிப்பீட்டாளர்கள் இருவரின் கருத்தும் வந்தது.

முதலாமவர்: 'இதே தலைப்பில் இதே ஆசிரியரின் புகழ்பெற்ற கட்டுரை ஏற்கெனவே உள்ளது. சொந்தப் படைப்பை இரண்டாம் முறை விற்பது வருந்தத்தக்கது.'

இரண்டாமவர் இன்னும் கறார்: 'இக்கட்டுரையின் முடிவுகள், அந்த விரிவான ஆய்வின் முடிவுகளோடு பொருந்தவில்லை. மூல நூலை ஆசிரியர் நிதானமாக ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.'

நிராகரிக்கப்பட்டது.

இதற்கிடையில் துறை அவரை மறக்கவில்லை. ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து என்பது இருபதைவிடப் பெரியது என்பதை மூன்று கட்டங்களில் சரிபார்த்து, தாழ்ப்பாள் கோப்பைத் தாங்களாகவே தூசி தட்டி எடுத்தார்கள். செயலர் முன்னிலையில் கூட்டம். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒன்பது நிபுணர்கள். ஒன்பது பேரும் விரிவான ஆய்வை மேற்கோள் காட்டியவர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஆய்வாளர் போனார். கைப்பையில் நான்கு வரிக் கடிதம்கூட வைத்திருந்தார்.

செயலர் கோப்பைப் புரட்டினார். "தாழ்ப்பாள்... நூத்தி அறுபத்து மூணு... மேடம், உங்க சின்னக் கட்டுரையில இருக்கிறதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. விரிவான ஆய்வுல இதைப் பத்திச் சொல்லியிருக்கீங்களா?"

"சார், அந்த ஆய்வைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீங்க சொல்லவே வேணாம். நான் படிச்சிருக்கேன்." செயலர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்ன ஒரு நடை! அதுலயும் அந்த நாலாவது அட்டவணை இருக்கே, அதை மறக்கவே முடியாது."

ஒன்பது நிபுணர்களும் தலையை ஆட்டினார்கள். நான்காவது அட்டவணை தம் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்றார் ஒருவர். மூன்றாவதும் மோசமில்லை என்றார் இன்னொருவர்; மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார்.

ஆய்வாளர் கைப்பைக்குள் கையை விட்டார். கடிதம் விரலில் பட்டது. கடிதத்தைக் கொடுத்தால் இந்தப் பத்துப் பேரும் அசடு வழிவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கோப்பு நான்காம் முறை திரும்பும். அங்கே பெஞ்சில் காய்ந்த உதட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள். அவர் கையை வெளியே எடுத்தார், கைக்குட்டைதான் வந்தது.

"தாழ்ப்பாள் நாலாவது அட்டவணையிலதான் சார் வருது," என்றார்.

"அதானே!" என்று செயலர் மேசையைத் தட்டினார். "எங்கயோ பாத்த ஞாபகம்!"

கையெழுத்தாயிற்று.

மறு மாதம் நூற்று அறுபத்து மூன்று தாழ்ப்பாள்களும் பெட்டி பெட்டியாகப் போய்ச் சேர்ந்தன. ஏழு நாளுக்குள் பொருத்தி, புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஆணை. எட்டாம் நாள் நூற்று அறுபத்து மூன்று புகைப்படங்களும் வந்துவிட்டன. துறை வரலாற்றில் இப்படி நடந்ததில்லை. ஆய்வாளர் அன்று வீட்டில் பாடினார், வக்கீல் பொறுத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் ஒரு செவிலியர் அவரைத் தேடிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு பேருந்து மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும், வாய்க்குக் களைப்பில்லை.

"தாழ்ப்பாளம்மா நீங்கதானே? கீழ அப்படித்தான் சொன்னாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க." பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே புத்தம்புதுத் தாழ்ப்பாள். "இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். யாருக்காவது உதவும்."

"ஏம்மா, கதவுக்குச் சேரலியா?"

"சேருமான்னு பாக்கக் கதவு வேணும்ல டாக்டரம்மா."

"கதவு இல்லையா?"

"கதவை மாட்டச் சுவர் வேணும்ல."

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க நிலையத்துல கழிவறையே இல்லைங்கிறீங்களா?"

"என்னைக்கும் இருந்ததில்ல. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மாதிரி, அவங்க வீட்டுக்குப் போயிட்டு வருவோம். நோயாளிங்களை அங்க அனுப்ப முடியுமா?"

"ஆனா நீங்க தாழ்ப்பாள் இல்லைன்னு எழுதி அனுப்பியிருக்கீங்களே!"

"இல்லைதானே? பொய்யா எழுதினேன்? 'கழிவறைக் கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் உள்ளதா, ஆம், இல்லை'ன்னு ஒரே ஒரு கேள்விதான் உங்க படிவத்துல. கழிவறை இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லியே. கேட்டா எழுதியிருப்போம்ல?"

நாற்பது நாள் பெஞ்சில் உட்கார்ந்தவர், அந்த ஒரு நிலையத்தில் கழிவறை இருந்ததால் எல்லா நிலையத்திலும் இருக்கும் என்று ஒன்பது வருடமாக நம்பியிருந்தார். விரிவான ஆய்வுக்கு, அது இல்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது; இருந்த ஆய்வுக்கோ இப்படியொரு குறை.

"உங்களை மாதிரி இன்னும் எத்தனை எடம்?" என்றார் மெல்ல.

"எனக்குத் தெரிஞ்சே முப்பது தேறும். எல்லாரும் எனக்குத்தான் போன் பண்ணாங்க, அக்கா இதை எங்க மாட்டுறதுன்னு. ஒருத்தி மருந்து அலமாரியில மாட்டிட்டா. ஒருத்தர் வெறும் சுவத்துல ஆணியடிச்சுப் போட்டோ எடுத்தார். நான் எங்க டாக்டரோட ரூம் கதவுல வச்சுப் பிடிச்சுக்கிட்டேன், பியூன் போட்டோ எடுத்தார். அப்புறம் மனசு கேக்கல, எடுத்துக்கிட்டு வந்துட்டேன்." செவிலியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார். "தாழ்ப்பாள் உங்க விரிவான ஆய்வுனாலதான் வந்துச்சுன்னு ஆணையில போட்டிருந்தது. அந்தக் கட்டுரையை எனக்குக் குடுங்களேன், படிச்சுப் பாக்கிறேன். கழிவறை இல்லாத எடத்தைப் பத்தி அதுல ஏதாவது ஒரு வரி இருந்தா, பிடிச்சுக்கிட்டுப் போய்ச் சண்டை போடுவேன்."

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு, அதைப் படிக்க வேண்டும் என்று கேட்ட முதல் ஆள். ஆய்வாளர் எழுந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு டாக்டரம்மா."

"என்னம்மா நல்லது?"

"எழுதின கட்டுரைன்னா, அதுல இல்லாததைச் சேக்க முடியாது. எழுதாத கட்டுரையில என்ன வேணா இருக்கலாம்ல?"

ஆய்வாளர் அன்று மாலையே புதிய படிவம் அச்சடிக்கக் கொடுத்தார். அதில் முதல் கேள்வி கழிவறை உள்ளதா, இரண்டாவது கேள்வி சுவர் உள்ளதா. விடைகளைச் சேர்த்து, முப்பத்தெட்டு இடங்களில் கழிவறை கட்ட வேண்டும் என்று நான்கு பக்கத்தில் சுருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார். அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அதன் அடியில், சற்றுத் தயங்கி, பேனாவை ஒருமுறை மூடித் திறந்து, கடைசிக் குறிப்பாக இப்படிச் சேர்த்தார்: 'நீர் அருந்தாமை: ஒரு விரிவான ஆய்வு. இரண்டாம் பாகம். அச்சில்.'

கழிவறைகளுக்கு இரண்டே மாதத்தில் ஒப்புதல் கிடைத்தது. செயலர் இரண்டாம் பாகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்ததாகக் கூட்டத்தில் சொன்னார். அதற்குள் அதை எண்பத்து மூன்று பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். எண்பத்து மூன்றில் ஒருவர் மட்டும், முதல் பாகத்தில் இருந்த ஆழம் இதில் இல்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார்.

ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். அவர் சொல்வதும் நியாயம்தான் என்று பட்டது.